ரஸ்க்கில் மாட்டிய பல் செட்

"என்னைத் திருடின்னு சொல்ல வந்துட்டே, உனக்கு வெட்கமா இல்லே?"

"டீச்சர், யாரும் உங்களைத் திருடின்னு சொல்லலை. வாயைத் திறங்கன்னுதான் சொன்னேன்."

"திறந்தா மெழுகைத் திணிக்கிறே! நாற்பது வருஷம் கணக்குச் சொல்லிக் குடுத்த வாய்யா இது. இந்த வாய்க்குப் பயந்து எத்தனை பேர் பெருக்கல் வாய்ப்பாடு படிச்சாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் டீச்சர், நானும் படிச்சேன். பல் செட்டைக் கழட்டிட்டு ஒரு கடி கடிச்சீங்கன்னா போதும்."

"கழட்ட மாட்டேன்."

பின்னாலிருந்து யாரோ, "டீச்சர், சீக்கிரம் கடிங்க. எனக்கு பஸ் போயிடும்" என்றார்.

"உனக்கு அவசரம்னா நீ வந்து கடி! மடியில கனமில்லாதவன் மாதிரி பேசறான் பாரு. அன்னைக்கு மத்தியானம் நீ எங்கேயிருந்தேன்னு முதல்ல அதைச் சொல்லு!"

அவ்வளவுதான், பெஞ்சு முழுக்கப் பற்றிக்கொண்டது. போலீஸ் நிலையத்தின் மாடியில், படிக்கட்டு முடியும் இடத்திலிருந்து கழிவறைக் கதவு வரை போட்டிருந்த இரண்டு நீள பெஞ்சுகளில், அந்த ஊரில் மேல்வரிசைப் பல் இல்லாதவர்கள் அத்தனை பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இருபத்து மூன்று பேர். டீச்சரைத் தவிர அநேகமாக எல்லோரும் பல் செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து மடியில் வைத்திருந்தார்கள். பல் இல்லாமல் சண்டை போடுவது லேசான காரியமில்லை. திட்டுகிறதில் பாதி காற்றாகப் போய்விடும், மீதி எதிரே இருப்பவர் சட்டையில் தெறிக்கும். ஆனாலும் மனம் தளராமல் போட்டார்கள்.

அவர்கள் முன்னால் மெழுகுத் தட்டோடு நின்றவருக்கு முப்பத்தாறு வயது. தடய அறிவியல் பிரிவில் இரண்டாம் நிபுணர். கல்யாணமான நாளிலிருந்து மாமனார் வீட்டோடு இருக்கிறவர் என்பதால் தெரு முழுக்க அவருக்கு மாப்பிள்ளை என்றே பெயர். அது படியேறி அலுவலகத்துக்கும் வந்து, மேலதிகாரியே அப்படிக் கூப்பிடும் அளவுக்கு நிலைத்துவிட்டது. மாப்பிள்ளையின் கண் மெழுகில் இல்லை, டீச்சர் மேலும் இல்லை. கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில், பெஞ்சின் கடைசியில், முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த இருபத்து மூன்றாவது ஆளின் மேல் இருந்தது. அவர்தான் மாமனார்.

விஷயம் இதுதான். போன வியாழக்கிழமை மத்தியானம் பேக்கரியில் திருட்டு. பேக்கரியை நடத்துகிற அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது, கணவர் போய்ப் பத்து வருடம். ஒரே பிள்ளை, முப்பதைத் தொடப் போகிறவன், கேக் போடுவதில் கெட்டிக்காரன். கடை மத்தியானம் ஒரு மணிக்கு மூடி நாலு மணிக்குத் திறக்கும். அன்று மூன்று மணிக்கே வந்த பிள்ளை, பின்கதவுத் தாழ்ப்பாள் பெயர்ந்து கிடக்கிறது, முட்டை அடிக்கும் மெஷினைக் காணவில்லை என்று போலீஸுக்கு ஓடிவந்தான். அதெல்லாம் கூடப் பெரிதில்லை. மாவு வெட்டும் மேசையில் ஒரு தட்டு. தட்டில் ஒரு ரஸ்க். அந்த ரஸ்க்கைப் பாதி கடித்த நிலையில், ஆளில்லாமல், ஒரு மேல்வரிசைப் பல் செட் கவ்விக்கொண்டு நின்றது.

அம்மாள் அடுப்புப் பக்கம் நின்றுகொண்டு, யாரும் கேட்காமலே மூன்று தடவை சொன்னாள்: "திருடன்தான் வந்திருப்பான்."

தடய அறிவியல் பிரிவு என்று பெயர்ப்பலகை பெரிதாக இருக்கிறதே தவிர உள்ளே மூன்றே பேர்தான். தலைமை நிபுணரை எல்லோரும் பெரியவர் என்பார்கள், ஓய்வு பெற நாலு மாதம் பாக்கி. அடுத்தது மாப்பிள்ளை. அதற்கடுத்து போட்டோ எடுக்கிற பெண். முப்பது வருட சர்வீஸில் பெரியவருக்கு வாய்த்ததெல்லாம் சைக்கிள் பூட்டு, சாக்கடை மூடி, யார் வீட்டுச் சுவரில் யார் பெயின்ட் ஊற்றினார்கள் என்கிற வழக்குகள்தான். பல் செட்டைப் பார்த்ததும் மனிதர் கண் கலங்கிவிட்டார்.

"மாப்பிள்ளை, முப்பது வருஷமா கைரேகை கைரேகைன்னு பவுடர் தூவினோமே, எவனாவது வாயையே விட்டுட்டுப் போனானா? போற நேரத்துல எனக்குன்னு வந்திருக்குடா இது!"

மாப்பிள்ளை பின்கதவுப் பக்கம் மண்டியிட்டிருந்தார். "சார், இந்தத் தாழ்ப்பாளைக் கொஞ்சம் பாருங்க. வெளியே இருந்து உதைச்சிருந்தா மரம் பிய்ஞ்சு வந்திருக்கும். இங்கே நாலு ஓட்டையும் வட்டமா, சுத்தமா இருக்கு. யாரோ உட்கார்ந்து நிதானமா திருகாணியைக் கழட்டின மாதிரி—"

"பல்லு கிடைச்சிருக்கும்போது எவனாவது தாழ்ப்பாளைப் பார்ப்பானா? கவர்ல போட்டு வை."

அப்படித் தாழ்ப்பாள் ஒன்றாம் எண் சான்றாகிக் கவருக்குள் போனது. ரஸ்க் இரண்டாம் எண். பல் செட் மூன்றாம் எண். ரஸ்க்கையும் பல் செட்டையும் பிரிக்க இடுக்கி வைத்து முக்கால் மணி நேரம் போராடியதில் ரஸ்க் இரண்டாக உடைந்து, 2-அ, 2-ஆ என்று பதிவானது. உதிர்ந்த தூளையும் வழித்து எடுத்து 2-இ என்று எழுதினார் பெரியவர். பல் டாக்டரிடம் போனில் கேட்டதற்கு, பல் செட் காய்ந்தால் வளைந்துவிடும், தண்ணீரில் போட்டு வையுங்கள் என்றார்.

"இருபது வருஷமா நானும் போடறவன், எனக்கே சொல்றாரு" என்று முனகிவிட்டு, பெரியவர் அதை ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டு, சீட்டு ஒட்டி, கை கழுவும் தொட்டிக்கு மேலே இருந்த பலகையில் வைத்தார்.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் மனைவி சொன்னாள்: "ஏங்க, அப்பா காலையில சாப்பிட்டதோட சரி. துண்டைச் சுத்திக்கிட்டுப் படுத்திருக்காரு. பல்வலியாம்."

"எந்தப் பல்லு?"

"மேல் பல்லுதான்."

மாமனாருக்கு மேல்வரிசையில் சொந்தப் பல் ஒன்றுகூட இல்லை என்பது அந்த வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். ஆனால் அப்பா சொன்னால் அப்படியே நம்புகிற மகள் அவள். சூடாக உப்புத் தண்ணீர் வேறு வைத்துக் கொடுத்திருந்தாள். மாப்பிள்ளை பையைக் கீழே வைத்தார். குளியலறைக்குப் போய்ப் பார்த்தார். எட்டு வருடமாகத் தினம் காலையில் அவர் பல் துலக்கும்போது எதிரே இருந்து சிரிக்கிற அந்த நீல டப்பா காலியாக இருந்தது.

மாமனார் மின்சார மீட்டர் கணக்கெடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் அவர் நுழையாத வீடு கிடையாது. வாய் சும்மா இருக்காது. அப்படிப்பட்டவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"மாமா, பல் செட் எங்கே?"

துண்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. "ஏன், உனக்கு வேணுமா?"

"விளையாடாதீங்க மாமா."

"கை தவறி விழுந்துடுச்சு."

"எங்கே?"

"கீழே."

"எந்தக் கீழே?"

"எல்லாம் விழற கீழேதான். நீ என்ன, வீட்டுக்குள்ளேயும் விசாரணை வைக்கிறியா?"

மாப்பிள்ளைக்கு அன்றிரவு தூக்கம் போயிற்று. அவருக்கு இரண்டே வழி. மூன்றாம் எண் சான்று என் மாமனாருடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், பெற்ற மகளின் கண்ணெதிரே மனிதரைத் திருடனாக்கித் தெருவில் நிறுத்திய மாப்பிள்ளை ஆகிவிடுவார். அதுவும் அவருடைய வீட்டிலேயே குடியிருந்துகொண்டு. எழுதாமல் விட்டால் பொய் ரிப்போர்ட். பொய் எழுத அவருக்கு வராது. மனைவி சமையல் எப்படி என்று கேட்டாலே, உப்பைத் தனியாக, காரத்தைத் தனியாக, வெந்த பதத்தைத் தனியாக எடுத்து வைத்து, முடிவுரையும் சொல்கிறவர்.

மறுநாள் காலையில் தயங்கித் தயங்கிப் பெரியவரிடம் போனார். "சார், இந்தக் கேஸ்ல இருந்து நான் விலகிக்கிறேன்."

"ஏன்?"

"சொந்த விஷயம் சார்."

"பல்லுன்னாலே எல்லாருக்கும் சொந்த விஷயம்தான். போய் மெழுகைக் காய்ச்சு, மாப்பிள்ளை."

பல் டாக்டரிடமிருந்து ஒரு பட்டியல் வாங்கிவிட்டார் பெரியவர். இருபது வருடத்தில் மேல்வரிசைப் பல் செட் கட்டிக்கொண்டவர்கள் இருபத்து நாலு பேர். முதல் பெயர் பெரியவருடையது. "சோதிக்கிறவனைச் சோதிக்க முடியாது" என்று அதை மட்டும் அடித்துவிட்டு மற்ற இருபத்து மூன்று பேருக்கும் திங்கட்கிழமை வரச்சொல்லிக் கடிதம் அனுப்பினார். ஒவ்வொருவர் ஈறையும் மெழுகில் கடிக்க வைத்து அச்செடுப்பது, டம்ளரிலிருக்கும் பல் செட்டின் உள்பக்கத்தைப் பிளாஸ்டரில் வார்ப்பது, இரண்டையும் பொருத்திப் பார்ப்பது என்பது திட்டம். சனிக்கிழமை அதை விளக்கும்போதே அவர் வாயில் மெல்லிய விசில் ஒன்று கேட்டது. வெள்ளிக்கிழமை மாலையிலிருந்தே அப்படித்தான். "ச" வருகிற இடத்திலெல்லாம் யாரோ தூரத்தில் ரயிலை நிறுத்துவதுபோல ஊதினார்.

திங்கட்கிழமைச் சண்டை இப்படித்தான் வந்தது. கடைசியில் டீச்சரைப் போட்டோக்காரப் பெண்தான் வழிக்குக் கொண்டுவந்தாள். "டீச்சர், நீங்க கடிக்கலைன்னா உங்க பேர்ல கேள்விக்குறி போட்டு அனுப்பிடுவாங்க" என்றாள். வாழ்நாளெல்லாம் மற்றவர் பெயரில் கேள்விக்குறி போட்ட டீச்சர் உடனே கழற்றிவிட்டுக் கடித்தாள். பொருந்தவில்லை. பஸ்ஸுக்கு அவசரப்பட்டவர் கடித்தார். பொருந்தவில்லை. ஒருவர் மெழுகில் ஒரு துண்டை விழுங்கிவிட்டார், அவருக்கு மறுபடி எடுத்தார்கள். இருபத்திரண்டு பேர் முடிந்தார்கள். பொருந்தாதவர்களும் போகவில்லை. பொருந்துகிறவன் யார் என்று தெரியாமல் வீட்டுக்குப் போய் என்ன செய்வது?

"சரி, இருபத்து மூணு" என்று பெரியவர் விசிலடித்தார்.

மாமனாரை மட்டும் மாப்பிள்ளை அறைக்குள் கூட்டிப் போனார். மாமனார் உட்கார்ந்தார். துண்டை அவிழ்த்தார். மாப்பிள்ளை மெழுகுத் தட்டை நீட்டினார். "வாயைத் திறங்க மாமா."

மாமனார் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திறந்தார். கடித்தார். மாப்பிள்ளை அச்சை எடுத்துக்கொண்டுபோய்ப் பிளாஸ்டரில் வைத்தார். ஒரு பக்கம் இடித்தது, மறு பக்கம் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. திருப்பி வைத்தார். அப்போதும் பொருந்தவில்லை.

மாப்பிள்ளைக்குச் சந்தோஷப்படுவதா சந்தேகப்படுவதா என்று புரியவில்லை. அதற்குள் மாமனார் எட்டிப் பார்த்துவிட்டார். பார்த்ததும், பாவம், தன்னை மறந்து கத்திவிட்டார்: "இது என்னுது இல்லையே! என்னுது எங்கே?"

"மாமா, மெதுவா."

"என்ன மெதுவா? அஞ்சு நாளா நான் பாலும் ரொட்டியுமா உயிரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். பத்திரமா வெச்சிருப்பீங்கன்னு பார்த்தா, தொலைச்சுட்டு வேற யாரோடதையோ காட்டறீங்க!"

போட்டோக்காரப் பெண் மேசை இழுப்பறையைத் திறந்து, வியாழக்கிழமை பேக்கரியில் எடுத்த படத்தை மாப்பிள்ளையின் முன்னால் வைத்தாள். அளவுகோலோடு எடுத்த படம். பல் செட்டின் இடது கோரைப்பல்லில் நூல் மாதிரி ஒரு கறுப்பு விரிசல். டம்ளரில் இருப்பதை இடுக்கியால் எடுத்துப் பார்த்தார்கள். விரிசல் இல்லை. பளபளவென்று, பெரிதாக, குதிரைக்குப் போடலாம் போல இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பெரியவர் தாழ்வாரத்தில் டீச்சரோடு மறுபடியும் மோதிக்கொண்டிருந்தார். "சட்டப்படிதான் செய்யறோம்! சும்மா சத்தம் போடாதீங்க!" நான்கு விசில். சொல்லிவிட்டு, கோபத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே திரும்பினார். கடித்த பல்லில், இடது கோரையில், நூல் மாதிரி ஒரு கறுப்பு விரிசல்.

மாப்பிள்ளை எழுந்து கதவைச் சாத்தினார்.

"சார், வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுட்டுத் தூங்கும்போது உங்க பல் செட்டை எங்கே வெச்சீங்க?"

"எப்பவும் வைக்கிற இடம்தான். தண்ணி டம்ளர்ல, அந்தப் பலகையில."

"மூணாம் எண் சான்றுக்குப் பக்கத்துல."

"ஆமா. அதுகூட, ஈரத்துல அந்தச் சீட்டு உரிஞ்சு கீழே விழுந்து கிடந்துச்சு. நீங்கள்லாம் கவனிக்கவே இல்லை. நான்தான் பார்த்து எடுத்து மறுபடி ஒட்டினேன்."

"கண்ணாடி போட்டிருந்தீங்களா சார்?"

"தூங்கும்போது எவன்டா கண்ணாடி போடுவான்?" என்றவர் அங்கேயே நின்றார். நாக்கை மெல்ல மேல்வரிசையில் ஓட்டினார். முகம் வெளுத்தது. "அப்போ... என் வாயில இருக்கிறது?"

"மூணாம் எண் சான்று சார்."

"மூணு நாளா சாட்சியத்தை வெச்சா நான் சாப்பிட்டுட்டு இருக்கேன்?" பெரியவர் நாற்காலியில் சரிந்தார். "தண்ணி மாறினதுல ஈறு வீங்கிடுச்சுன்னு நினைச்சேனே. ஞாயித்துக்கிழமை ஒரு விசேஷத்துல எலும்புகூடக் கடிச்சேனே!"

மாமனார் எழுந்து வந்து அவர் வாயை உற்றுப் பார்த்தார். தொலைந்த மாட்டை அடுத்தவன் கொட்டிலில் பார்த்தவன் முகம் அப்படித்தான் இருக்கும்.

பெரியவர் மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "நாலு மாசம்டா மாப்பிள்ளை. நாலே மாசம் எனக்கு. வந்தவங்க யாரோடதும் பொருந்தலைன்னு எழுதிடு. அது பொய்யும் இல்லை. பிளாஸ்டரோட நிஜமாவே யாரும் பொருந்தலை. உன் மாமனாரும் தப்பிச்சாரு, நானும் தப்பிச்சேன்."

மாப்பிள்ளை ஒரு நிமிடம் நின்றார். நிஜமாகவே ஒரு நிமிடம். பேனாவைக்கூட எடுத்துவிட்டார். இந்த ஒரு வரியை எழுதினால் இன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். அப்புறம்தான் யோசித்தார். கேஸ் முடியாமல் கிடந்தால் சான்று பதினைந்து வருடம் அறைக்குள் பூட்டிக் கிடக்கும். பக்கத்து ஊர்ப் பட்டியலை வரவழைப்பார்கள். திருடன் யாரென்று பேச்சு நிற்காது. பேக்கரி வாசலைத் தாண்டும்போதெல்லாம் மாமனார் துண்டால் முகத்தை மூடிக்கொள்வார்.

பேனாவை வைத்துவிட்டு அலமாரியைத் திறந்து, ஐந்து நாளாக யாரும் தொடாத ஒன்றாம் எண் கவரை எடுத்தார்.

தாழ்ப்பாளை லென்ஸுக்கு அடியில் வைத்ததும் இரண்டு விஷயம் தெரிந்தது. நாலு திருகாணியின் தலைப் பள்ளத்திலும் வெள்ளையாக ஏதோ காய்ந்து கல்லாக இருந்தது. சுரண்டி முகர்ந்தார். கேக் மேல் தடவுகிற சர்க்கரைக் கிரீம். கிரீம் தடவும் மொண்ணைக் கத்தியால் யாரோ திருகியிருக்கிறார்கள். இரண்டாவது, தாழ்ப்பாளின் உள்பக்கத் தகட்டில் அதே கிரீமில் ஒரு கட்டைவிரல் ரேகை, பிறந்த குழந்தைக்கு மருத்துவமனையில் எடுத்தது மாதிரி முழுசாகப் பதிந்து காய்ந்திருந்தது. கடைக்காரர்களின் ரேகையை ஒதுக்கிவிட வேண்டும் என்பதற்காக முதல் நாளே போட்டோக்காரப் பெண் எடுத்து வைத்திருந்த அட்டைகளைக் கொண்டுவந்தாள். பன்னிரண்டு இடத்தில் பொருந்தியது. பதின்மூன்றாவது இடத்தை மாப்பிள்ளை தேடவில்லை.

பேக்கரிப் பிள்ளை கீழே இன்ஸ்பெக்டர் அறையில்தான் இருந்தான். தினமும் காலையில் வந்து, பல் யாருது தெரிஞ்சுதா என்று கேட்பது அவனுக்கு வழக்கமாகியிருந்தது. மேலே கூப்பிட்டார்கள்.

"தம்பி" என்றார் மாப்பிள்ளை. "வெளியே இருந்து வந்த திருடன், உள்ளே உட்கார்ந்து, உன்னோட கட்டைவிரலை வெச்சு ஏன் தாழ்ப்பாளைக் கழட்டினான்?"

அவன் தாழ்ப்பாளைப் பார்த்தான், கட்டைவிரலைப் பார்த்தான். விரலைச் சட்டையில் துடைத்தான்.

"எங்கம்மா ஒரு மாசமா மத்தியானத்துல பாட்டுப் பாடறாங்க சார்."

"அதுக்கு?"

"கழுவி வெச்ச தட்டு ரெண்டு இருக்கு. ஏம்மா ரெண்டுன்னா, ஒண்ணு கீழே விழுந்துச்சு, அதான் கழுவினேன்கறாங்க. தினமும் விழுமா? அன்னைக்குச் சீக்கிரமா முன்கதவைத் திறந்து வந்தேன். பின்கதவு படார்னு சாத்துச்சு. மேசையில பார்த்தா பல்லு. யாருதும்மான்னு கேட்டேன். திருடன்தான் வந்திருப்பான்னாங்க. அப்போ போலீஸுக்குப் போகலாம்மான்னேன். போயேன்னாங்க. சும்மா பல்லைக் கொண்டுவந்து குடுத்தா நீங்க யாருதுன்னு கண்டுபிடிச்சுத் தருவீங்களா? திருட்டுன்னாதானே தேடுவீங்க. அதான் அம்மா முன்பக்கம் போன நேரம் தாழ்ப்பாளை நானே கழட்டினேன்."

"முட்டை அடிக்கற மெஷின்?"

"என் கட்டிலுக்கு அடியில."

"சரி, பல்லு யாருதுன்னு தெரிஞ்சதும் என்ன பண்றதா இருந்தே?"

அவன் யோசித்தான். "அது தெரியலை சார். முதல்ல ஆள் யாருன்னு தெரியட்டும்னு இருந்தேன்."

மாமனார் மெல்லத் துண்டை எடுத்து மறுபடி முகத்தில் சுற்றிக்கொண்டார். ஆனால் நேரம் கடந்துவிட்டது. பிள்ளையை மாடிக்குக் கூட்டிப் போனார்கள் என்று கேள்விப்பட்டு, அம்மாள் மாவுக் கையோடு, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் படியேறி வந்துகொண்டிருந்தாள். பெஞ்சிலிருந்த இருபத்திரண்டு பேரும் காலை ஒடுக்கி வழிவிட்டார்கள்.

"அவன் மேல தப்பில்லை சார். நான்தான் திருடன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு எப்படி மாத்தறதுன்னு தெரியலை" என்றாள் வாசலிலேயே. "நீங்க அவரோட பல்லைக் குடுத்துடுங்க. அஞ்சு நாளா மனுஷன் தெருப்பக்கமே வரலை. சாப்பிட்டாரோ என்னவோ."

"எவரோட பல்லை?" என்றார் பெரியவர், வாயைக் கையால் மூடியபடி.

அம்மாள் விரலை நீட்டினாள். பெஞ்சிலிருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் டீச்சரின் குரல் கேட்டது: "அட, நம்ம மீட்டர்க்காரரா! ரிட்டையர் ஆகி ஆறு வருஷமாச்சே, இன்னுமா மீட்டர் பார்க்கறீங்க?"

இன்ஸ்பெக்டர் மேலே வந்து, கேட்டு, தலையில் கை வைத்து, புகார் வாபஸ் என்று பிள்ளையிடம் எழுதி வாங்கி, பொய்ப் புகாருக்கு ஒரு மணி நேரம் திட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு சான்றை உரியவரிடம் ஒப்படைக்கும் வேலை. பெரியவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கழற்றி, மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிக் கொடுத்தார். ஒப்படைக்கும்போது படம் எடுக்க வேண்டும் என்பது விதி. போட்டோக்காரப் பெண் பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுத்தாள். மாமனார் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டு, மாட்டி, இரண்டு தடவை கடித்துப் பார்த்தார். ஐந்து நாளைக்கப்புறம் தெளிவாகச் சொன்ன முதல் வார்த்தை: "யாரோ நிறையப் பூண்டு சாப்பிட்டிருக்காங்க."

மாப்பிள்ளைக்கு மிச்சமிருந்தது வீடு. மாமனாரை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு முதலில் தான் போனார். மனைவி கேட்ட முதல் கேள்வி, "அப்பா எதுவும் திருடலையே?"

"இல்லை."

"கடவுளே! நான் எவ்வளவு பயந்துட்டேன் தெரியுமா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்துக்கொண்டே யோசித்தாள். "அப்போ பல்லு எதுக்கு அங்கே போச்சு?"

சொன்னார். உப்பைத் தனியாக, காரத்தைத் தனியாக. ஒரு மாதமாக என்பதைச் சொன்னார், இரண்டு தட்டு என்பதைச் சொன்னார், பாட்டு என்பதை மட்டும் விட்டுவிடப் பார்த்து, முடியாமல் அதையும் சொன்னார்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "திருடியிருந்தாக்கூட ஒரு வக்கீலை வெச்சிருக்கலாமேங்க. இதுக்கு யாரை வைக்கிறது?"

"யாரையும் வைக்க வேண்டாம்."

"ரிப்போர்ட்ல அப்பா பேர் வருமா?"

"வரும். பல்லுக்குச் சொந்தக்காரர்னு."

"வேற யாரோடதோன்னு எழுதக்கூடாதா? ஊர்ல இருபத்து மூணு பேர் இருக்காங்களே, உங்களுக்கு எங்கப்பாதான் கிடைச்சாரா?"

"பொருந்தினது அவருக்குத்தானே."

"அப்போ பல்லையே வெச்சு வாழுங்க! முதல்ல உங்க பெட்டியை எடுத்துக்கிட்டு இந்த வீட்டை விட்டு—"

"யாரும் போக வேண்டாம்" என்றார் வாசலில் நின்ற மாமனார். பல் இருந்ததால் குரலில் பழைய அதிகாரம் திரும்பியிருந்தது. "மாப்பிள்ளை எழுதறதை எழுதட்டும். அவன் எழுதினாதான் நான் திருடன் இல்லைன்னு ஊருக்குத் தெரியும். போறதுன்னா நான் போறேன். போறதுக்கு எனக்கு இடமும் இருக்கு."

எங்கே என்று மகள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

மாப்பிள்ளை ரிப்போர்ட்டை எழுதினார். தாழ்ப்பாள் உள்ளிருந்து கழற்றப்பட்டது, திருட்டு நடக்கவில்லை, ரஸ்க்கில் இருந்த பல் செட் இன்னாருடையது, அவர் அழைக்கப்பட்ட விருந்தினர். இதற்கெல்லாம் கடைசியில் ஒரு வரி. அதைப் பெரியவருக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் எழுதினார்: 'மூன்றாம் எண் சான்றுப் பொருள், பாதுகாப்பில் இருந்தபோது, வெள்ளி மாலை முதல் திங்கள் நண்பகல் வரை தலைமை நிபுணரின் வாயில் இருந்தது.' விசாரணை வரும், பென்ஷன் போகும் என்று பெரியவர் வாரக்கணக்கில் தபாலுக்குப் பயந்து கிடந்தார். ஆறாவது வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது. சான்றுப் பொருள் மேற்படி இடத்தில் வைக்கப்பட்டிருந்த காலத்தில், அவ்விடத்தின் வெப்பநிலை விதிப்படி நாளுக்கு இருமுறை குறிக்கப்பட்டதா என்று. மனித வாயின் சராசரி வெப்பநிலையை எழுதி அனுப்பினார்கள். ஏற்றுக்கொண்டார்கள்.

மாமனாரும் பேக்கரி அம்மாளும் இரண்டு மாதம் கழித்துப் பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டார்கள். சாட்சிக் கையெழுத்தில் ஒன்று மாப்பிள்ளையுடையது, இன்னொன்று பெரியவருடையது. மாமனார் பேக்கரி மாடிக்குக் குடி போனார். மகள் போகவில்லை. நாலு மாதம் வீம்பாக இரண்டு தெரு தள்ளியிருக்கும் கடையில் ரொட்டி வாங்கி, ரப்பர் மாதிரி இருக்கிறது என்று கணவனைத் திட்டிக்கொண்டே தின்றாள். ஐந்தாவது மாதம் ஒரு நாள் குடையை மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு மழைக்கு அந்தப் பேக்கரிக்குள் ஒதுங்கினாள். இப்போது வாரத்தில் மூன்று நாள் மழை பெய்கிறது.

பிள்ளை ஊரில் இருக்கப் பிடிக்காமல் ஆறு மணி நேரப் பயண தூரத்தில் இருக்கும் ஒரு பெரிய ஊருக்குப் போய்த் தனியாகக் கேக் கடை வைத்தான். அடுத்த வருடம் அதே ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள் போட்டோக்காரப் பெண். பிள்ளையின் பத்து விரலுக்கு மை தடவி ரேகை எடுக்க அன்றைக்கு அவளுக்கு ஏன் நாற்பது நிமிடம் ஆயிற்று என்று கல்யாணப் பத்திரிகை வந்தபிறகுதான் எல்லோருக்கும் புரிந்தது. பெரியவர் ஓய்வு பெற்றுத் தம்பி வீட்டோடு போய்விட்டார். அவர் இடத்துக்கு மாப்பிள்ளையைத்தான் போட்டிருக்கிறார்கள்.

மாமனார் இருந்த அறையை ஒரு நர்ஸுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். கல்யாணம் ஆகாதவள், நல்ல மாதிரி. ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு யாரோ ஒருத்தர் நீலச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, கேட்டுக்கு வெளியே அரை மணி நேரம் நின்று பேசிவிட்டுப் போகிறார். அண்ணன் என்கிறாள். மாப்பிள்ளை ஜன்னல் வழியாகப் பார்த்தவரை சாயல் ஒன்றும் ஒத்துவரவில்லை.